வாசிக்கத் திணறும் பிள்ளை மந்தபுத்தியுடைய பிள்ளையன்று

(ஆரம்ப வகுப்பு ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



நம்மவர் கல்வியைப் போற்றுபவர்கள் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். காணியை ஈடு வைத்தும், காதிற் கிடந்த தோட்டைக் கழற்றியும் பிள்ளையைப் படிப்பித்த பெற்றோர் இச்சபையிலும் இருக்கிறார்கள். ஆகவே கல்வியின் பெருமையை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. அந்தக் கல்வியின் வாசற்படியிலேயே தடுக்கி விழுந்து, தூக்கிவிட ஒரு கை கிடையாமல், கடைசி வாங்கிலே இருந்துவிடுகிற பிள்ளைகளைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

அத்தகைய பிள்ளையை நீங்கள் எல்லோரும் கண்டிருப்பீர்கள். பேச்சிலே கெட்டிக்காரன். ஒரு கதையைச் சொன்னால் பொருள் பிசகாமல் திருப்பிச் சொல்வான். கடைக்கு அனுப்பினால் மிச்சக் காசை எண்ணி வாங்கி வருவான். துவிச்சக்கர வண்டியின் சங்கிலி கழன்றால் தானே பூட்டிவிடுவான். ஆனால் வாசிப்புப் புத்தகத்தை விரித்ததும் அவன் முகம் கறுத்துவிடும். நேற்றுப் படித்த எழுத்து இன்று அவனுக்குப் புதிய எழுத்து. முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்வான்; வகுப்புச் சிரிக்கும். பெண்பிள்ளையாயின் வாய் திறவாமல் ஒதுங்கியிருப்பாள். அதனால் அவளை எவரும் கவனிப்பதுமில்லை. “சோம்பேறி” என்பார் ஒருவர். “கவனம் இல்லை” என்பார் மற்றொருவர். “மொக்கு” என்று தீர்ப்புக் கூறிவிடுவார் மூன்றாமவர்.

இம்மூன்று தீர்ப்புகளும் பிழையானவை. அப்பிள்ளைக்கு இருப்பது டிஸ்லெக்சியா எனப்படும் வாசிப்பு இடர். அறிவுக் குறைவுக்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுத வாசிக்கக் கற்கும் மக்களிடையே நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இவ்விடர் உடையவர்கள் என்பது பொதுவான மதிப்பீடு. நாற்பது பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்பில் இரண்டு, மூன்று, நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவர்களைத் தோல்வி வந்தபின் தேடாமல், தோல்விக்கு முன்பே கண்டு உதவ முடியும் என்பதே நான் சொல்ல விரும்பும் ஒரே செய்தி.

ஒரு நாட்டு வைத்தியர் கண்டது

1896ஆம் ஆண்டு இங்கிலாந்தின் தென்கரையில், சீபோர்ட் என்னும் ஊரில் பிரிங்கிள் மோர்கன் என்ற வைத்தியர் இருந்தார். பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி அவர் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் எழுதினார். பேர்சி என்பது அவன் பெயர். விளையாட்டிலும் விவேகத்திலும் ஒத்த வயதினர் எவருக்கும் அவன் குறைந்தவனல்லன். ஏழு ஆண்டுகள் ஆசிரியர்கள் பாடுபட்டும் ஓரசைச் சொற்களைக்கூட அவனால் எழுத்துக் கூட்டி வாசிப்பது அரிதாயிற்று. தன் பெயரை எழுதுகையிலும் எழுத்துகளை இடம் மாற்றினான். இலக்கங்களோ அவனுக்குத் தடையாகவில்லை. கணக்கை விரைவாகச் செய்தான். பாடங்கள் யாவும் வாய்மொழியாகவே நடத்தப்படுமாயின் பள்ளியிலேயே இவன்தான் முதல்வனாக இருப்பான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து.

இது வெளிவந்து நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அப்படியிருந்தும் நமது வகுப்பறைகளிலே பேர்சிகள் இன்றும் பிரம்படியும் ஏச்சும் வாங்கிக்கொண்டிருக்கிறார்களாயின், அறிவு வந்து சேரவில்லை என்று சாட்டுச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

குறை கண்ணில் அன்று

தொடக்கத்தில் இதனை ஆராய்ந்தவருட் பலர் கண் வைத்தியர்கள். அக்காலத்தில் இதற்குச் சொற்குருடு என்ற பெயர் வழங்கியது. கிளாஸ்கோ நகரத்துக் கண் வைத்தியரான ஜேம்ஸ் ஹின்ஷெல்வுட் 1917ஆம் ஆண்டில் இதுபற்றி ஒரு நூலே எழுதினார். பிற்கால ஆராய்ச்சி வேறொரு வாசலைத் திறந்தது. பெரும்பாலான பிள்ளைகளிடத்தில் இடரின் வேர் கண்ணில் இல்லை. பேச்சின் ஒலிகளைப் பிரித்துணர்வதில் இருக்கிறது.

இதைச் சற்று விளக்க வேண்டும். “படம்” என்று நாம் சொல்லும்போது அது ஓடும் நீர்போல ஒரே ஒலியாகச் செவியில் விழுகிறது. வாசிக்கக் கற்பவனோ அந்த ஓட்டத்தை ப, ட, ம் என்று துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எழுத்து உண்டு என்று உணர வேண்டும். பல பிள்ளைகள் இதை எளிதில் பிடித்துக்கொள்கிறார்கள். வாசிப்பு இடர் உள்ள பிள்ளைக்கு இது பெரும்பாடு. அவனுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சும் விளங்கும். ஒலியை உடைத்துப் பார்ப்பதும், உடைத்த துண்டை எழுத்தோடு பிணைப்பதும் மாத்திரமே வசப்படா.

1983ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் என்ற இருவர் இதுபற்றி ஓர் ஆய்வை வெளியிட்டனர். வாசிக்கத் தொடங்காத நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் சுமார் 400 பேருக்குச் சில சொற்களைச் சொல்லி, ஒலியால் ஒவ்வாத சொல் எது என்று கேட்டனர். அதில் பின்தங்கியவர்களே பின்னாளில் வாசிப்பிலும் பின்தங்கக் கண்டனர். அம்மட்டில் அவர்கள் நிற்கவில்லை. பின்தங்கிய பிள்ளைகளுள் 65 பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு இரண்டாண்டுக் காலத்தில் 40 தடவைகள் ஒலிப் பயிற்சி அளித்தனர். ஒலியோடு எழுத்தையும் சேர்த்துக் கற்ற பிள்ளைகளே வாசிப்பில் மற்றெல்லாரையும்விட முன்னேறினர். ஒலியும் எழுத்தும் கைகோத்து வரவேண்டும் என்பது அதனாற் பெறப்பட்டது.

எழுத்தறியுமுன் தெரியும் குறிகள்

பின்லாந்தின் யுவாஸ்கூலா நகரத்தில் 1993ஆம் ஆண்டு முதல் ஹெய்க்கி லியூட்டினென் என்னும் பேராசிரியரும் அவரைச் சேர்ந்தவர்களும் ஏறத்தாழ 200 பிள்ளைகளைப் பிறந்த நாள் தொட்டுத் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். அவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேர் வாசிப்பு இடர் உள்ள குடும்பங்களிற் பிறந்தவர்கள். பள்ளிக்குப் போகுமுன்னரே, எழுத்துகளின் பெயரை அறிவதில் காணப்பட்ட தாமதம், பின்னால் வரப்போகும் இடரை முன்னறிவித்தது.

“விளையும் பயிர் முளையிலே தெரியும்” என்று கெட்டிக்காரப் பிள்ளையைத் தட்டிக்கொடுப்பதற்கே நாம் சொல்கிறோம். கமக்காரனுக்கு அப்பழமொழியின் மறுபக்கமும் தெரியும். நாற்று மஞ்சளிட்டால் அவன் விதையைச் சபித்துவிட்டு வீட்டுக்குப் போவதில்லை. மண்ணைப் பார்க்கிறான், நீரைப் பார்க்கிறான், உரிய வேளையில் பசளை இடுகிறான். கதிர் வந்தபின் இட்ட பசளை யாருக்கு உதவும்?

ஐந்து வயதளவில் கவனிக்கத்தக்க குறிகள் இவை: தாய், தந்தை, சகோதரர் எவரேனும் வாசிக்கத் துன்பப்பட்டிருத்தல், பேச்சுப் பிந்தி வருதலும், நீண்ட சொற்களின் அசைகளை இடம் மாற்றிச் சொல்லுதலும், ஒரே ஒலியில் தொடங்கும் சொற்களையும் ஒத்து முடியும் சொற்களையும் இனங்காண முடியாமை, நன்கு தெரிந்த பொருட்களின் பெயர்களையும் வரிசையாக விரைந்து சொல்ல இயலாமை, வாரக்கணக்கிற் கற்பித்தும் சில எழுத்துகளேனும் மனத்தில் தங்காமை.

ஒரு குறியைக் கண்டவுடன் அஞ்ச வேண்டாம். பல சேர்ந்திருந்தால் விழிப்படையுங்கள். தாய் தந்தையரில் ஒருவர் இவ்விடர் உடையவராயின், பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை என்று பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. கண்ணையும் காதையும் வைத்தியரிடம் காட்டிச் சோதிப்பது முதற் கடமை. ஆனால் எழுத்தை இடம் வலமாக மாற்றி எழுதுவது ஒன்றையே பெரிய அடையாளமாகக் கொள்ளாதீர்கள். ஆறேழு வயது வரை அது பல பிள்ளைகளிடத்தும் இயல்பாகக் காணப்படுவதே. நிறக் கண்ணாடி விற்போரிடமும், கண்ணுக்குப் பயிற்சி தந்து வாசிப்பு வரச்செய்வோம் என்போரிடமும் காசை இழக்காதீர்கள். அவற்றுக்கு விஞ்ஞான ஆதாரம் இல்லையென்று அமெரிக்கக் குழந்தை வைத்தியர்களும் கண் வைத்தியர்களும் 2009ஆம் ஆண்டில் கூட்டாக அறிவித்திருக்கின்றனர்.

டென்மார்க் காட்டிய வழி

குறி தெரிந்தால் மாத்திரம் போதுமா? உதவி பலன் தருமா? தரும் என்பதற்கு டென்மார்க் நாடு சான்று கூறுகிறது.

போர்ன்ஹோம் என்பது அந்நாட்டுக்குச் சொந்தமான ஒரு தீவு. அங்கே, இன்னும் வாசிக்கக் கற்பிக்கப்படாத 235 சிறு பிள்ளைகளுக்கு, எட்டு மாத காலம், நாள்தோறும் 15 முதல் 20 நிமிடம் ஒலி விளையாட்டுகள் நடத்தப்பட்டன. எதுகைப் பாட்டு, அசைக்கு அசை கைதட்டல், சொல்லின் முதல் ஒலியைப் பிடித்தல், ஒலிகளைச் சேர்த்துச் சொல்லாக்கல் என்று படிப்படியாக அவை ஏறிச் சென்றன. எழுத்துகள் கற்பிக்கப்படவில்லை. அப்பிள்ளைகள் பின்பு பள்ளியில் வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும், இப்பயிற்சி பெறாத பிற பகுதிப் பிள்ளைகளை முந்தினார்கள். இதனை இங்வார் லுண்ட்பெர்க் முதலியோர் 1988ஆம் ஆண்டு வெளியிட்டனர்.

1997ஆம் ஆண்டில் அந்நாட்டிலிருந்தே மற்றொரு ஆய்வு வெளிவந்தது. வாசிப்பு இடர் உடைய பெற்றோரின் பிள்ளைகளை மாத்திரம் அது எடுத்துக்கொண்டது. அவர்களுட் சிலருக்குப் பாலர் வகுப்பிலேயே 17 வாரம் ஒலிப் பயிற்சி அளிக்கப்பட்டது. இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் சோதித்தபோது, பயிற்சி பெறாதவர்களுள் நூற்றுக்கு 40 பேர் இடருக்கு உள்ளாகியிருந்தனர். பயிற்சி பெற்றவர்களுள் நூற்றுக்கு 17 பேரே உள்ளாகினர்.

இவ்விரு எண்களையும் மனத்தில் இருத்துங்கள். பயிற்சி எல்லோரையும் காப்பாற்றிவிடவில்லை. 17 பேர் எஞ்சினார்கள். அவர்களுக்கு நீண்ட காலத் துணை வேண்டும். ஆயினும் ஒரு பள்ளித் தவணையளவு நீளமான, விளையாட்டைப் போன்ற ஒரு பயிற்சியால் எத்தனை பிள்ளைகளின் கண்ணீர் துடைக்கப்பட்டது என்பதை எண்ணிப் பாருங்கள்.

காத்திருப்பதன் விலை

“வளர வளரச் சரியாகிவிடும், பொறுத்துப் பார்ப்போம்” என்பது நம்மிடையே வழங்கும் அறிவுரை. அமெரிக்காவின் ஒஸ்டின் நகரத்தில் 54 பிள்ளைகளை முதலாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்பு வரை தொடர்ந்த ஓர் ஆய்வு 1988ஆம் ஆண்டில் வெளிவந்தது. முதல் வகுப்பின் இறுதியில் வாசிக்கத் திணறிய பிள்ளை நான்காம் வகுப்பின் இறுதியிலும் திணறும் பிள்ளையாகவே இருப்பதற்கு நூற்றுக்கு 88 பங்கு வாய்ப்பு இருக்கக் கண்டனர்.

இதன் காரணம் விளங்காததன்று. வாசிக்க முடிந்தவன் மேலும் வாசிக்கிறான், சொல் பெருகுகிறது, அறிவு பெருகுகிறது. முடியாதவன் புத்தகத்தை வெறுக்கிறான். சரித்திரமும் சமயமும் விஞ்ஞானமும் அவனுக்கு எட்டாதனவாகின்றன. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை வரும்வரை காத்திருந்து, அதன்பின் “ஏன் இவன் சித்தியெய்தவில்லை?” என்று கேட்பது, வெள்ளம் வடிந்தபின் வரம்பு கட்டுவதை ஒக்கும்.

உத்தியோகம் பார்க்கும் பெற்றோர் வெட்கத்தால் இதை மறைக்கிறார்கள். ஒன்றன்மேலொன்றாக ரியூசன் வகுப்புகளுக்கு அனுப்பிப் பிள்ளையின் களைப்பையே பெருக்குகிறார்கள். கமக்காரப் பெற்றோரிற் சிலரோ, “படிப்பு ஏறவில்லை, வயலுக்கு வரட்டும்” என்று முடிவு செய்கிறார்கள். இச்சொல் பிள்ளையையும் அவமதிக்கிறது, கமத்தையும் அவமதிக்கிறது. காணி உறுதியை வாசிக்க வேண்டியவன் கமக்காரன். வங்கிக் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன் அதிலுள்ளதை அறிய வேண்டியவன் கமக்காரன். கிருமிநாசினிப் போத்தலில் எழுதியிருப்பதைப் பிழையாக வாசித்தால் உயிரையே பணயம் வைப்பவனும் கமக்காரன்தான். வாசிப்பறியாதவன் பிறர் வாசித்துச் சொல்வதை நம்பியே வாழ்நாள் முழுவதும் நடக்க வேண்டியவனாகிறான்.

தமிழெழுத்தும் நம் பிள்ளையும்

பிற நாட்டுச் செய்தி நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று சிலர் ஐயுறலாம். ஆங்கிலத்தைப்போல எழுத்தொன்று ஒலியொன்றாகத் தமிழ் அலைக்கழிப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும் நம் எழுத்திலும் இளம்பிள்ளைக்குப் படிகள் பல உண்டு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 எழுத்துகள். “கெ” என்னும் எழுத்தில் கொம்பு முன்னே நிற்கிறது; அதன் ஒலியோ பின்னே வருகிறது. “கொ” என்பதில் குறி இருபுறமும் நிற்கிறது. கு, சு, து, மு என்பவற்றில் உகரம் ஒவ்வொரு மெய்யோடும் ஒவ்வொரு வடிவம் கொள்கிறது. கல், தங்கம், அகம் என்னும் மூன்றிலும் ககரம் மூவேறு விதமாக ஒலிக்கிறது. வீட்டிலே “வருவினம்” என்று கேட்டு வளர்ந்த பிள்ளை புத்தகத்திலே “வருவார்கள்” என்பதை எதிர்கொள்கிறது. மற்றப் பிள்ளைகள் தாண்டிச் செல்லும் இப்படிகளிலே இடருள்ள பிள்ளை ஒவ்வொன்றிலும் கால் இடறுகிறது.

ஆனால் இதற்கு வேண்டிய கருவியும் நம்மிடமே உண்டு. எழுத்து என்ற சொல்லால் ஒலியையும் வரிவடிவத்தையும் சேர்த்துச் சுட்டியவர்கள் நம் இலக்கணகாரர். உயிரும் மெய்யும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று பகுத்துக் காட்டியவர்களும் அவர்களே. க் என்பதும் அ என்பதும் சேர்ந்து க ஆகின்றன என்பதைப் பிள்ளை தன் செவியால் உணர்ந்தால், 216 உருவங்களையும் தனித்தனியே மனனஞ் செய்யும் பாரம் குறையும். நாமோ அவ்வரிய பகுப்பைச் சுவரில் தொங்கும் அட்டவணையாக்கி, ராகம் போட்டு ஒப்பிக்கச் செய்கிறோம்.

விஜயதசமியன்று ஏடு தொடக்குகையில் பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுதி, உரக்கச் சொல்ல வைக்கிறோம். கண்ணும் வாயும் விரலும் ஒருங்கே தொழிற்படும் வழி அது. 1930களில் அமெரிக்காவில் அன்னா கில்லிங்ஹாம், பெசி ஸ்டில்மன் என்னும் இருவர், இடருள்ள பிள்ளைகளுக்காக வகுத்த முறையும் இவ்வாறே எழுத்தைக் கண்டு, ஒலியைச் சொல்லி, கையால் வரையச் செய்வதாகும். நாம் அதை ஒரு நாட் சடங்கோடு நிறுத்திவிடுகிறோம். இடருள்ள பிள்ளைக்கு அது நூறு நாள் வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆசிரியர்களே, முதலாம் வகுப்பின் முதற் தவணையில் ஒவ்வொரு பிள்ளையுடனும் பத்து நிமிடம் தனியே இருங்கள். கல், கண், கதவு, மரம் என்று சொல்லி, வேறாகத் தொடங்குவது எது என்று கேளுங்கள். வாழைப்பழம் என்பதை அசை அசையாகத் தட்டச் சொல்லுங்கள். படித்த எழுத்துகளுள் எத்தனை தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்தங்கியவர்களை மூவர் நால்வராகச் சேர்த்து, நாள்தோறும் 20 நிமிடம் ஒலியையும் எழுத்தையும் இணைத்துக் கற்பியுங்கள். ஒரு நாளைக்கு ஓர் எழுத்துப் போதும். நேற்றையதை இன்றும், போன வாரத்ததை இந்த வாரமும் மீட்டுங்கள். ல, ள, ழ போன்றவற்றை ஒரே நாளில் கொட்டாதீர்கள். ஒன்று ஊன்றியபின் மற்றது வரட்டும். வாசிக்க இயலாத பிள்ளையை வகுப்பின் முன் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்லாதீர்கள்.

தாய்மார்களே, தந்தையர்களே, இதற்கு உங்களுக்குப் பெரும் படிப்பு வேண்டியதில்லை. சோறூட்டுகையிலும் தோட்டத்தில் நிற்கையிலும் ஒலி விளையாட்டு விளையாடலாம். “ம” என்று தொடங்கும் பெயர்களைச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு சொல்லின் கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டை நாம் எல்லோரும் அறிவோம். இராவில் கதை வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவர் கதை சொல்லுங்கள். பிள்ளையின் கெட்டித்தனம் எங்கே இருக்கிறதோ அதை நாலு பேர் அறியப் பாராட்டுங்கள். அண்ணனோடும் அயல்வீட்டுப் பிள்ளையோடும் ஒப்பிடாதீர்கள்.

“நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு எங்கே நேரம்?” என்று ஆசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. ஆகவேதான் இச்சுமையை ஆசிரியரின் தோளில் மாத்திரம் ஏற்றக் கூடாது என்கிறேன். ஆசிரிய பயிற்சியில் இப்பாடம் கட்டாயமாக வேண்டும். ஆரம்ப வகுப்புகளுக்குத் துணையாசிரியர் வேண்டும். முன்பள்ளி ஆசிரியைகளுக்கு இப்பயிற்சியும், அதற்குத் தக்க ஊதியமும் வேண்டும். பரீட்சைகளில் இடருள்ள பிள்ளைக்கு மேலதிக நேரம் கேட்டுப் பெறும் வழி ஒவ்வொரு பாடசாலைக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவற்றை வேண்டுகோளாக அன்று, உரிமையாகக் கேட்க வேண்டும்.

“சிறுவயதிலேயே பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டிவிடுவது தீங்கல்லவா?” என்று வேறு சிலர் கேட்கலாம். உதவிக்குப் பெயர் தேவையில்லை. ஒலி விளையாட்டால் எந்தப் பிள்ளைக்கும் கேடு வருவதில்லை. போர்ன்ஹோமில் வகுப்பு முழுவதற்குமே அது நடத்தப்பட்டது. அன்றியும், “மொக்கு” என்ற பெயரை நாம் சூட்டத் தயங்கியதில்லையே!

அன்பர்களே, 1945ஆம் ஆண்டில் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தது. காசில்லாத பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தின் கதவு திறந்தது. 2016ஆம் ஆண்டு முதல் 16 வயது வரை பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புதல் சட்டப்படி கட்டாயம். ஆனால் பள்ளியின் கதவைத் திறந்துவிட்டுப் புத்தகத்தின் கதவை அடைத்து வைத்தால், அந்தப் பதினொரு ஆண்டுகளும் அப்பிள்ளைக்குச் சிறைவாசமே.

அடுத்த தவணை தொடங்குவதற்குச் சில வாரங்கள் இருக்கின்றன. முதலாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளுள் எவரையும் நாம் இன்னும் தோற்கடித்துவிடவில்லை. அவர்களை வாசலிலேயே சந்தித்து, செவிக்கு ஒலியையும் விரலுக்கு எழுத்தையும் கொடுப்போம். அதற்கான முதற் கூட்டத்தை இவ்வூர்ப் பாடசாலையிலேயே கூட்டுவதற்கு இங்குள்ள ஆசிரியர்களும் பெற்றோரும் இன்றே நாள் குறிக்க வேண்டுமென்று கேட்டு அமர்கிறேன்.